இருமி விற்ற ஊதுபத்தி

ஊதுபத்தி வியாபாரத்தில் கொளுத்திக் காட்டாமல் ஒரு கட்டுகூட விற்க முடியாது. கடைக்காரர் ஒரு குச்சியை உருவுவார், பற்றவைப்பார், கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பேச்சு. நானோ சின்ன வயசிலிருந்தே இழுப்புக்காரன். புகை, தூசி, பனி, ஈரக்காற்று, எது பட்டாலும் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்துவிடும். என்னைப் போலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றிப் பிழைக்கிற அன்பர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

“அப்படியானால் இந்த வேலைக்கு ஏன் வந்தாய்?” என்று கேட்காத ஆள் கிடையாது. மதுரையில் என் முதலாளியிடம் எனக்குத் தோதாக இருந்த வேலைகள் இரண்டே. ஒன்று, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கடைகளுக்குப் போய் ஆர்டர் பிடிக்கும் ‘லைன்’ வேலை. இன்னொன்று, கிடங்கில் உட்கார்ந்து சாம்பிராணி இடித்துச் சலிக்கும் வேலை. லைனில் புகை வந்தால் தெருவுக்கு ஓடிவிடலாம். கிடங்கிலோ ஜன்னல் கிடையாது, நாள் முழுக்கத் தூள் பறக்கும். லைன் கைவிட்டுப் போனால் கிடங்குதான். கிடங்குக்குப் போனால் அடுத்த மழைக்காலத்தை நான் பார்க்கப் போவதில்லை. ஆகவே என்ன ஆனாலும் லைனை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கரி பஸ்

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம். வண்டிக்குப் பின்னால் அண்டா மாதிரி ஒரு கரியடுப்பு புகைந்துகொண்டே வரும். பின்சீட்டில் உட்கார்ந்தால் என் கதை முடிந்தது என்று, முதல் ஆளாகப் போய் டிரைவருக்குப் பின்னால் இடம் பிடித்துவிடுவேன். பிடித்து என்ன செய்ய? சின்ன மேடு வந்தாலும் வண்டி நின்றுவிடும். “ஆம்பளைக எல்லாம் எறங்கித் தள்ளுங்க!” என்பார் கண்டக்டர்.

ஒருநாள் திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு பாலத்து ஏற்றத்தில் நின்றது. தள்ளினால் அங்கேயே விழுந்துவிடுவேன். தள்ளாமல் வேடிக்கை பார்த்தால் மற்றவர்கள் முறைப்பார்கள். சாம்பிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் நடப்பேன், நிற்பேன், மூச்சு வாங்குவேன், மறுபடி நடப்பேன். இப்படியே அடுத்த ஊர் எல்லைக்கு வந்து ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் பஸ் வந்து சேர்ந்தது. கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, வண்டியத் தள்ளாத ஆளு நீங்க ஒருத்தருதேன். வண்டிக்கு முந்தி வந்த ஆளும் நீங்க ஒருத்தருதேன்!”

காலியான பெஞ்சு

திருமங்கலத்திலிருந்து சில நாள் ரயிலில் திரும்புவேன். ஒருநாள் மூன்றாம் வகுப்பில் நிற்கவே இடமில்லை. ஏறினதும் ஓர் இருமல் வந்தது. பிறகு நிற்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்தார்கள். ‘க்ஷயரோகம்’ என்று ஒருவர் கிசுகிசுத்தது என் காதிலேயே விழுந்தது. அவமானத்தில் எனக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாமா என்றிருந்தது. “தொத்து வியாதி இல்லைங்க, வெறும் இழுப்புத்தான்” என்று சொல்ல வாயெடுத்தேன்.

கோவில்பட்டியிலிருந்து ஒடுங்கி உட்கார்ந்து வந்த ஓர் அம்மாள், காலியான பெஞ்சில் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டு என்னைக் கையமர்த்தினார். “எங்க வீட்டுக்காரருக்கும் இதே இழுப்புதேன், எனக்குத் தெரியும். நீங்க வெளிய சொல்லிப்புடாதீக தம்பி. மருதை வர்ற வரைக்கும் இருமிக்கிட்டே வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

ராவுத்தர் கடை

திருமங்கலத்தில் எனக்குப் பெரிய வாடிக்கை ஒரு ராவுத்தர். குச்சியைப் பற்றவைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நான் தெருவில் போய் நின்றுகொள்வேன். விலை, தள்ளுபடி எல்லாம் அங்கிருந்தே பேசுவோம். நல்ல சரக்கின் புகைக்குத் தெருவில் நின்றால் லேசாக நெஞ்சு கரகரக்கும், அவ்வளவுதான். ஒரு தடவை தெருவில் நின்றும் குனிந்த தலை நிமிர முடியாமல் இருமினேன். ராவுத்தர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார், வெந்நீர் கொடுத்தார், பிறகு குச்சியை அணைத்துவிட்டு யோசித்தார். “இம்புட்டு நாளா நீங்க இப்படி இருமினதில்லையே. சரக்குல என்னமோ சேர்ந்திருக்கு” என்று அந்தக் கட்டுகளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. யுத்தத்தில் கப்பல் நின்று சாம்பிராணி வரத்துக் குறைந்ததால், முதலாளி மலிவான பிசின் ஏதோ கலந்திருக்கிறார். வாசனையில் தெரியவில்லை, என் நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வந்த கட்டுகளைப் பார்த்ததும் முதலாளிக்கு முகம் சிவந்தது. “நான் ஒன்னயச் சரக்கு விக்க அனுப்புனேனா, கடைக்குக் கடை இருமிட்டு வர அனுப்புனேனா?”

புது ஆள்

அந்த வாரமே தீர்ப்பு வந்தது. லைன் வேலை முதலாளியின் மச்சினனுக்கு, நான் கிடங்குக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அழுதால் இழுப்பு வரும், இழுப்பு வந்தால் அவர் சொன்னது சரியென்று ஆகிவிடும். அடக்கிக்கொண்டு, “புது ஆளுக்குக் கடைகளைக் காட்ட வேண்டாமா? ஒரு நடை நானும் வாரேன்” என்றேன். பெரிய வாடிக்கை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று முதலாளியும் கூட வந்தார். கலப்பில்லாத புதுச் சரக்கை ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோனோம்.

ராவுத்தர் குச்சியைக் கொளுத்தி மச்சினன் முகத்துக்கு நேரே பிடித்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். புகைக்குள் சிரித்தபடி நின்றார். ராவுத்தர் கொஞ்ச நேரம் அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, தெருவில் நின்ற என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் புகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நெஞ்சு கரகரத்தது, இரண்டு தரம் இருமினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. கடைக் கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றேன். மெல்ல மெல்ல மூச்சு நிதானப்பட்டது. ராவுத்தர் தலையை ஆட்டிவிட்டு, கொண்டுபோன சரக்கை முழுசாக இறக்கச் சொன்னார். பிறகு என் முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: “உங்க மச்சினன் எதுக்குமே இரும மாட்டேங்கிறாரே முதலாளி. அவரை நம்பி நான் எப்படிச் சரக்கு எடுக்கிறது?”

லைன் எனக்கே நின்றது. இழுப்பு போனால் மொட்டை போடுவதாக அழகருக்கு நேர்ந்திருந்ததை மட்டும், இப்போதைக்கு அவசரமில்லை சாமி என்று தள்ளிப் போட்டுவிட்டேன்.