ரெபெக்காளைத் தேடிப் போன கார்

சித்தப்பாவுக்குப் பெண் தேடும் பொறுப்பை ஏற்ற பெரியப்பா, தரகரைவிட ஆதியாகமத்தைத்தான் அதிகம் நம்பினார். அதில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் பார்க்க வேலைக்காரனை அனுப்புகிறார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், கேட்காமலே ஒட்டகங்களுக்கும் வார்க்கிறவள்தான் பெண் என்று அவன் கிணற்றடியில் ஜெபிக்கிறான். ரெபெக்காள் வந்து அப்படியே செய்கிறாள். ஞாயிறு பள்ளியில் நான் பரிசு வாங்கியது இந்தக் கதையைச் சொல்லித்தான். அதனால் பெரியப்பா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

பெண்ணுக்கு ஒட்டப்பிடாரம் பக்கத்தில் ஒரு கிராமம். தரகர் கொடுத்த படத்தைச் சித்தப்பா சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். வயது ஏறிக்கொண்டிருந்தது, இந்த இடமாவது அமைய வேண்டும் என்று வீடே காத்திருந்தது. முறையாகப் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால், சித்தப்பாவிடம்கூடச் சொல்லாமல் பெரியப்பாவும் நானும் அந்த ஊர் அடிபம்புக்குப் போனோம். நல்ல கோடை. பழைய கார் வழியிலேயே கொதித்துப் புகைந்தது. எங்களுக்கு அதுவும் வசதியாகப் போயிற்று.

குடங்களின் வரிசையில், படத்தில் பார்த்திருந்த அந்த அக்காவை அடையாளம் கண்டோம். பெரியப்பா தண்ணீர் கேட்டார். அக்கா எனக்கு முதலில் ஊற்றினார், பிறகு பெரியப்பாவுக்கு. அவ்வளவுதான். பெரியப்பா உதட்டைத் துடைத்துக்கொண்டு காத்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பெரியப்பா, காருக்கும் கேளுங்க."

அவர் கேட்டார்.

"காருக்கா? அண்ணாச்சி, குடிக்கிற தண்ணிக்கே விடியமுன்ன வந்து நிக்கோம். கம்மாயில கலங்கல் கெடக்கு, அங்கன மோந்து ஊத்துங்க."

பின்னால் நின்ற ஒருத்தி, "ஏட்டி, ஊத்தலன்னா அவிய எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவாவ, விடு" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

எதற்கென்று சொல்லாமல், பெண்ணுக்குப் பாதி மதிப்பெண் என்று பெரியப்பா வீட்டில் தீர்ப்புச் சொன்னார். சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "எனக்குப் பிடிச்சிருக்கு. கேட்டுருங்க" என்றார். அடுத்த வாரம் பழத்தட்டோடு போனோம். ஜெபம் முடிந்தது. காப்பி கொண்டுவந்த அக்கா, பெரியப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய அப்பா எல்லார் முன்னாலும் சம்மதமா என்று கேட்டார்.

"இவிய அன்னைக்கே வந்து தண்ணி கேட்டுச் சோதிச்சிட்டுப் போயிட்டாவப்பா. ஒட்டகத்துக்குப் பதிலா காரு. நானும் ஞாயிறு பள்ளிக்குப் போனவதான். எனக்கு இந்த எடம் வேண்டாம்."

சித்தப்பாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. காப்பித் தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்தார்.

திரும்பும்போது சித்தப்பா பஸ்ஸில் போய்விட்டார். "வேதம் தெரியாத குடும்பம்" என்றார் பெரியப்பா. நான் உறுதியாகத் தலையாட்டினேன்.

ஆதியாகமத்தில் அந்தக் கிணற்றடிக் கதை வரும் அதே அதிகாரத்தின் கடைசியில், ரெபெக்காளைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகச் சம்மதமா என்று அவள் வீட்டார் கேட்கிறார்கள். அந்த வரியும் எனக்கு மனப்பாடம்தான். சம்மதம் என்று அவள் சொல்வதையும் ஒரே மூச்சில் சேர்த்து ஒப்பித்துவிடுவேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவள் மாட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம் என்பது, பரிசு வாங்கிய எனக்கு அன்று தெரியவில்லை.