பாகலா, புதினாவா?

வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்தில் குழந்தைகளுக்கு எடை பார்ப்பார்கள். ஆர்லீன் தன் ஐந்து மாதப் பையனுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, லேஸ் தொப்பி எல்லாம் மாட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஜமைக்காவில் வீட்டில் சோறு இருக்கிறதோ இல்லையோ, கிளினிக்குக்குப் போகிற பிள்ளை மாப்பிள்ளை மாதிரிப் போகவேண்டும்.

கழற்றித் தராசில் போட்டால் விலா எலும்பு தெரிந்தது; எடையும் குறைந்திருந்தது. இன்னும் குறைந்தால் கிங்ஸ்டன் ஆஸ்பத்திரிதான் என்று பின்னக் என்ற நர்ஸ் போன மாதமே சொல்லிவிட்டாள். சேர்த்தால் ஆர்லீனும் அங்கேயே கிடக்கவேண்டும். வீட்டில் இன்னும் மூன்று உருப்படிகள். புருஷன் கனடாவுக்கு ஆப்பிள் பறிக்கப் போனவன், சத்தமே இல்லை. விடுதியில் துணி துவைக்கிற வேலையும் போனால் அடுப்பு எரியாது.

“தாய்ப்பால் மட்டும்தானே?” என்று கூடம் அதிரக் கேட்பது நர்சின் வழக்கம். கைப்பிள்ளைக்குப் புதினாவோ பாகல் இலையோ காய்ச்சிய தண்ணீர் கொடுப்பது ஊர் வழக்கம்; ஆனாலும் எல்லாத் தாய்மாரும் ஆமாம் என்று பொய் சொல்வார்கள். இல்லை என்ற சோனியாவை அவள் கிழித்த கிழியை அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.

அன்று நர்சுக்குக் கால் வீங்கியிருந்தது. கூட வேலை செய்கிறவளும் வரவில்லை. கத்தத் தெம்பில்லாமல் கேட்டாள்.

“காலைல என்னத்தக் குடுத்த? புதினாவா, பாகலா?”

ஆர்லீன் விடியுமுன்பே துவைக்க நின்றவள். பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

“பாகல் இலைத் தண்ணி, சீனி போட்டு. மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி சோளமாவுக் கஞ்சி ஊத்துவா, தண்ணியா. எனக்குப் பால் வத்திக்கிட்டு வருது.”

நர்ஸ் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

“இத ஏண்டி போன மாசமே சொல்லல?”

“சோனியாவ எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்குனீங்க. அப்புறம் அவ இந்தப் பக்கமே வரல. உங்ககிட்ட எவ உண்மையச் சொல்லுவா?”

நர்ஸ் நாற்காலியில் சரிந்து செருப்பைக் கழற்றினாள். பிள்ளையின் கண்ணை, நாக்கை, வயிற்றை ஒருமுறை பார்த்தாள். இவனுக்கு நோயில்லை, பசி என்றாள். ஒரு வாரம் தருகிறேன், இலைத் தண்ணியும் கஞ்சியும் கூடாது, பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும், வேலைக்குப் போகுமுன் பாலைப் பீய்ச்சிக் கோப்பையில் வைத்துவிட்டுப் போ, அப்போதும் எடை ஏறாவிட்டால் கிங்ஸ்டன்தான் என்றாள்.

ஆர்லீன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பையனுக்குப் பால் கொடுத்தாள். அடுத்தவள் தராசுக்கு வந்ததும், கேட்காமலே, புதினா இரண்டு வேளை என்று ஒப்பித்தாள். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள், திட்டவில்லை.

ஆர்லீனுக்குக் கண் சொருகியது.

“தூங்கிடாத,” நர்ஸ் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். “ஒரு பக்கம் முழுசா குடிக்கட்டும். அப்புறம் மாத்து.”