நுரை வராத குழாய்

நான் பணியாற்றும் தொடக்கப்பள்ளி, ஆம்பூரை அடுத்து, தோல் பதனிடும் ஆலைகளின் பின்புறத் தெருவில் உள்ளது. இரண்டாம் வகுப்பினர்க்குக் கைகழுவும் முறையைக் கற்பிக்கவேண்டிய நாளில், வீட்டிலிருந்து கொண்டுவந்த குடிநீரை வார்த்துச் சவர்க்காரத்தைத் தேய்த்துக் காட்டினேன். வெண்ணுரை திரண்டது. "நுரை வரும்வரை தேய்க்கவேண்டும். நுரை வராத கை அழுக்குக் கை. அக்கையால் உணவைத் தொடலாகாது" என்றேன். சொற்றொடர் செப்பமாக அமைந்ததில் எனக்குச் சிறிது நிறைவும் இருந்தது.

நண்பகல் மணி அடித்தது. பிள்ளைகள் குழாயடிக்கு ஓடித் திரும்பி, தட்டுகளின்முன் அமர்ந்தனர். ஒரு தட்டின்முன் மட்டும் ஆளில்லை. அத்தட்டுக்குரிய சிறுமியின் தாய் காலையிலேயே ஷூ கம்பெனி வேனில் ஏறிவிடுபவர். பகலுணவு தவறினால், அவள் வீட்டில் உலை ஏறுவது இரவில்தான்.

சமையல் செய்யும் அம்மையார் குழாயடியை நோக்கிக் குரல் கொடுத்தார்: "இன்னாம்மா, இன்னும் அங்கியே கீற? சோறு ஆறுது, வா!"

"நுரை வர்ல ஆயா" என்று அங்கிருந்து விடை வந்தது.

வாய்நிறையச் சோற்றுடன் ஒரு சிறுவன் சொன்னான்: "உட்டா கையக் கரைச்சிடுவா சார்!"

"உனக்கு நுரை வந்ததா?"

"யாருக்குமே வர்ல சார். நாங்க சட்டையில தொடச்சிக்கினோம்."

எழுந்து சென்றேன். அவள் விரல்கள் சிவந்திருந்தன. புதிய சவர்க்காரம் பாதியாகத் தேய்ந்திருந்தது. அக்குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர். அதில் சவர்க்காரம் திரிந்த பாலைப்போலப் பிசுபிசுக்குமேயன்றி நுரைக்காது. பல்லாண்டுகளாக அந்நீரில் கை நனைத்தவன் நான். பாடம் நடத்துகையில் மட்டும் அதை மறந்துவிட்டேன்.

என் புட்டியிலிருந்து சிறிது நீர் வார்த்தேன். உடனே நுரை பொங்கியது. அவள் மகிழவில்லை, புட்டியையே பார்த்தாள்.

"சார், எங்க வூட்லயும் உப்புத் தண்ணிதான் வருது. அப்ப டெய்லி நான் அழுக்கா?"

புட்டியை மூடிக் கீழே வைத்தேன்.

"இல்லையம்மா. உன் கை முன்பே தூய்மையாகிவிட்டது. நான் சொன்னதுதான் தவறு."

"நெஜமாவா?"

"உண்மையாகவே."

அதன்பின்னரே ஓடினாள். சோறு ஆறித்தான் இருந்தது. அவளுக்குரிய முட்டையை அம்மையார் கிண்ணத்தால் மூடி வைத்திருந்தார்.

மறுநாள் பாடத்தைக் குழாயடியிலேயே மீண்டும் நடத்தினேன். நான் எவ்வளவு தேய்த்தும் நுரை எழவில்லை. "சாருக்கும் வர்ல!" என்று பெருங்கூச்சல் எழுந்தது. நுரையை எதிர்பார்க்க வேண்டா, இருபது எண்ணி முடிக்கும்வரை விரலிடுக்குகளைத் தேய்த்தால் போதும் என்று விதியை மாற்றினேன்.

அன்று நண்பகலில், முந்தைய நாள் சட்டையில் துடைத்துக்கொண்ட அச்சிறுவன், ஏழு எண்ணியதும் நழுவப் பார்த்தான். அருகில் நின்ற அவள் ஈரக்கையாலேயே அவன் சட்டையைப் பற்றினாள்.

"டேய், எங்க ஓடுற? இன்னும் பதிமூணு கீது. தேய்!"