கட்டவிழ்ந்ததும் தெரியும் முகம்

எங்கள் சங்கத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே நடந்த சடங்குகளில் பேசப்படும் வார்த்தைகளையும் சொல்ல மாட்டேன். சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு சனிக்கிழமை என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னார்களே, அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் என்னிடம் சத்தியம் வாங்கவில்லை.

யுத்த காலம். பம்பாயில், மாதுங்காவில் அண்ணா வீட்டில் இருந்தேன். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவர் டைபாய்டில் போய்விட்டார். தலைமுடியை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. அண்ணா வற்புறுத்தவும் இல்லை. கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்கும் போக விட்டார். ஆனால் வீட்டில் சீமந்தம், பூணூல் என்று எது வந்தாலும் நான் பின்கட்டில்தான் இருக்க வேண்டும். யாராவது வெளியூர் கிளம்பினால் அவர்கள் மாடிப்படி இறங்கும்வரை எதிரே வரக் கூடாது. மன்னி கண்ணால் ஜாடை காட்டுவாள். நான் உள்ளே போய்விடுவேன்.

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரி ஒரு பார்ஸிப் பெண். அவள்தான் என்னை அந்தச் சங்கத்துக்கு அழைத்துப் போனாள். தாதர் பார்ஸி காலனியில் ஒரு பங்களாவின் மாடியில் கூடுவார்கள். வேறு இடங்களில் ஆண்கள் மட்டுமே சேரக்கூடிய மாதிரியான சங்கம்தான். இங்கே பெண்களும் சேரலாம். எந்த மதமும் எந்த ஜாதியும் தடையில்லை. உள்ளே எல்லோரும் பிரதர், சிஸ்டர். சேருகிறவரிடம், "நீ உன் சொந்த விருப்பத்தில்தான் வந்தாயா?" என்று கேட்பார்கள். இது ரகசியமில்லை, இந்த மாதிரி எந்தச் சங்கத்திலும் கேட்பதுதான். என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. "ஆமாம்" என்றேன். வேண்டியதைவிடப் பலமாகவே வந்துவிட்டது குரல்.

சங்கத்தில் ஒவ்வொரு படிக்கும் டிகிரி என்று பெயர். முதல் மூன்று டிகிரிகளோடு பலர் நின்றுவிடுவார்கள். மேல் டிகிரிகளுக்குப் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் மனப்பாடம் செய்ய வேண்டும். எங்கே நிற்பது, எந்தக் காலை முன்னே வைப்பது என்பதெல்லாம் பிசகக் கூடாது. நான் லோகல் ரயிலில், லேடீஸ் பெட்டியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துப் படித்தேன். அண்ணாவிடம் "டிகிரிக்குப் படிக்கிறேன்" என்றேன். டைப்பிங்கில் ஏதோ மேல்பரீட்சை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மேல் டிகிரி ஒன்றில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. புதிதாக வருகிறவரைக் கண்ணைக் கட்டி இருட்டறையிலிருந்து அழைத்து வருவார்கள். கட்டை அவிழ்ப்பது நான். என் மெழுகுவர்த்தியிலிருந்து அவர் தன் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆக, அவர் முதலில் பார்ப்பது என் முகம்.

அந்தச் சனிக்கிழமை அந்த டிகிரிக்கு வந்தவர் மாதுங்காக்காரர், ரயில்வேயில் பெரிய உத்தியோகம். அண்ணாவுக்குத் தெரிந்தவர். வெளி ஹாலில் என்னைப் பார்த்ததும் முகம் மாறிற்று. இவளுக்கு இங்கே என்ன வேலை என்று யாரிடமோ விசாரித்தார். சற்று நேரத்தில் தலைவர் என்னிடம் வந்தார். அவர் பார்ஸி டாக்டர், மரியாதையான மனிதர்.

"சிஸ்டர், இன்றைக்கு மட்டும் வேறு ஒருவர் விளக்கை எடுத்துக்கொள்ளட்டுமே. உங்கள் வழக்கத்தில் ஏதோ சகுனமாம். அவர் சங்கடப்படுகிறார்."

"என் வழக்கம் என்னவென்று எனக்குத் தெரியும், டாக்டர். அதை வாசலிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"ஒரே ஒரு நாள்தானே?"

"இன்றைக்கு நகர்ந்தால் நாளைக்கும் நகரச் சொல்வீர்கள். வேண்டுமானால் ஓட்டுப் போட்டு என்னைப் பதவியிலிருந்து எடுங்கள். நானாக நகர மாட்டேன்."

போய் என் இடத்தில் நின்றேன். என் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டேன். தலைவர் யோசித்துவிட்டு, இருட்டறையில் காத்திருந்தவருக்குச் சொல்லி அனுப்பினார்: விளக்கு சிஸ்டர் கையில்தான் இருக்கும், விருப்பமிருந்தால் வரலாம். மரப்படியில் பூட்ஸ் சத்தம் இறங்கிப் போவது எல்லோருக்கும் கேட்டது.

அன்றைக்குச் சடங்கு இல்லை. டீ மட்டும் குடித்தோம். என்னை அழைத்து வந்த தோழியே, "விட்டுக் கொடுத்திருக்கலாம் நீ" என்றாள். அந்த மனிதர் இறங்கிப் போனதைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அவர் நேராக அண்ணாவிடம் போயிருக்கிறார். மறுநாள் காலை அண்ணா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"மண்டை ஓட்டை வச்சுண்டு என்னமோ பூஜை பண்றாளாமே அங்கே?"

"நீங்க கேக்கறது மண்டை ஓட்டைப் பத்தியா அண்ணா, என்னைப் பத்தியா?"

"இனிமே அங்கே போகப்படாது."

"போவேன்."

"அப்படின்னா இந்த ஆத்துல நீ..."

மன்னி கையில் கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்தாள். "அதை முடிக்காதேங்கோ. முடிச்சேள்னா அவ நிஜமாவே போயிடுவா."

அண்ணா முடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். மன்னி ஜாடை காட்டவில்லை. அவளே கதவைத் திறந்துவிட்டாள். அண்ணா என்னோடு பேச வெகுநாள் ஆயிற்று. சோறு மட்டும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

அடுத்த வருஷம் ரயில்வேக்காரர் திரும்பி வந்தார். மேல் டிகிரி வேண்டும் என்ற ஆசை சகுனத்தைவிடப் பெரிதாகிவிட்டதோ என்னவோ. சங்கத்தில் யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. நான் கட்டை அவிழ்த்தேன். அவர் கண்ணைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். அவர் மெழுகுவர்த்தி ஆடிக்கொண்டே இருந்தது. திரி பற்ற நேரமாயிற்று. நான் அசையாமல் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தேன்.

அவருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. வந்திருந்தாலும் அதை என் தலையில் சுமந்திருக்க மாட்டேன். அந்த வருஷமே அவர் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. எனக்கு அழைப்பில்லை.

சங்கத்துக்குள் நான் வந்தால் எழுந்து நிற்பார்; பதவியில் இருப்பவர் வந்தால் எழ வேண்டும் என்பது அங்கே விதி. வெளியே என்னைத் தெரியாது. ஒருநாள் மாதுங்கா மார்க்கெட்டில் வேஷ்டி கட்டிய நாலைந்து பெரிய மனிதர்களோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரும்பி வாழைத்தாரை ஆராய ஆரம்பித்தார். சாதாரணமாக நானும் பேசாமல் போயிருப்பேன். அன்றைக்குப் போகத் தோன்றவில்லை. அருகே போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "குட் ஈவினிங், பிரதர். மாமி சௌக்கியமா?" என்றேன்.

கூட இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் வாழைத்தாரை விட்டார்.

"சௌக்கியம்" என்றார். சற்றுப் பொறுத்து, மெதுவாக, "சிஸ்டர்" என்றார்.

அவர் மனசு மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. அது மாறும்வரை காத்திருக்கிற எண்ணமும் எனக்கு இல்லை. அரை சேர் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.