ரப்பர் கொட்டைக் குறி

ஸ்கூடாய் சந்தியில் ஜொகூர் பாரு பஸ்ஸுக்காக நிற்கிறேன். சீனர் கடை வாசலில் ஒரு தமிழர் ரப்பர் கொட்டைகளைப் படிக்கல்லில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் தட்டையாகும் வரை தேய்த்துவிட்டு, புள்ளி போட்ட மறுபக்கத்துக்கு எண்ணெய் தடவுகிறார். குறி பார்க்கச் சோழிக்குப் பதில் இதுவாம். கடையோரம் 'பொந்தியான்' என்று எழுதிய லாரி ஒன்று காலியாக நிற்கிறது.

ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தில் வேலை செய்யும் கணவனும் மனைவியும் மூட்டையோடு வந்து அவர் எதிரே உட்காருகிறார்கள். இருக்கும் தோட்டத்தை விட்டுப் பொந்தியான் பக்கத்துப் புதுத் தோட்டத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். புள்ளிகள் மேலே பார்த்து விழுந்தால் போகலாமாம். அவர் உருட்டுகிறார். எல்லாக் கொட்டையிலும் புள்ளிதான் தெரிகிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. "தட்டைப் பக்கம் கீழதானே உட்காரும்? போகாதேன்னு இது எப்பங்க சொல்லும்?"

"சாமி வாக்கு ஐயா. சந்தேகப்பட்டா பலிக்காது," என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "இன்னொரு வாட்டி போடுங்க."

அவர் கொட்டைகளைக் கைக்குள் குலுக்குகிறார். அவை தரையில் விழுவதற்குள் லாரி டிரைவர் வந்து அவர்கள் மூட்டையைத் தூக்கி வண்டியில் போடுகிறான்.