இடது பக்கத்து ஸ்பீக்கர்

முக்கொம்பிலிருந்து காரில் திரும்பும்போது என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். முந்தின வாரம் அவருடைய தம்பி எதிரிலேயே அவரைக் கையாலாகாதவர் என்று சொல்லியிருந்தேன். "நான் சொன்னது தப்புதாங்க" என்று மெதுவாகச் சொன்னேன். மனுஷன் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். ஸ்ரீரங்கம் வரும்வரை ஒரு "ம்" கூட இல்லை. எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? அன்றிலிருந்து இருபது நாள் நானும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவரே வந்து, "பழைய செட்டுல ஒரு பக்கம் பாடல. சின்ன மியூசிக் சிஸ்டம் ஒண்ணு வாங்கலாம், கிளம்பு" என்றார். பொண்டாட்டியோடு பேசப் பிடிக்கவில்லை, பாட்டுப் பெட்டி வேண்டுமாக்கும் என்று பற்றிக்கொண்டு வந்தது. மணப்பாறையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகப் பையில் துணி எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கடையிலும் முகம் கொடுத்துப் பேசவில்லையென்றால் சாயங்காலமே பஸ் ஏறிவிடுவது என்று முடிவு.

திருச்சிக் கடையில் விற்பனைக்கு நின்ற பெண் மேஜையில் இரண்டு குட்டி ஸ்பீக்கர்களை வைத்துப் பாட்டைப் போட்டாள்.

"இடது பக்கம் பாடலையேம்மா."

"ரெண்டும் பாடுதே சார்."

வேறொன்று வைத்தாள். அதிலும் இடது பக்கம் பாடவில்லை என்றார். ஒயரை மாற்றிச் செருகிப் பார்த்தாள். அப்போதும் இடதுதான்.

"ஓட்டை உடைசலாவே வாங்கி வச்சிருக்கீங்களா?" என்று அவர் கத்த, கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

"நல்லாத்தாங்க பாடுது!" என்றேன், அவருக்கு இடது பக்கத்தில் நின்று. அவர் திரும்பவே இல்லை. சரி, இன்றைக்கு பஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது சரிப்படாது" என்று வாசல் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இப்ப பாடாம இருந்தது பாடுது. பாடிட்டிருந்தது நின்னுபோச்சு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவர் மெல்ல வலது காதைப் பொத்தினார். முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணுமே கேக்கல" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரில் நான் உட்காருவது அவருக்கு இடது பக்கம். அன்றைக்கு அவர் பக்கத்து ஜன்னல் வேறு திறந்து காற்று இரைந்துகொண்டிருந்தது.

வலது பக்கம் போய் அவர் கையை விலக்கினேன். "அன்னிக்குக் கார்ல நான் சொன்னது கேட்டுச்சாங்க?"

"என்ன சொன்னே?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கத்தித்தான் சொன்னேன். "உங்க தம்பி முன்னாடி உங்களை அப்படிச் சொன்னது தப்புங்க. என்னை மன்னிச்சிடுங்க." கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இந்த இருபது நாளா நீ பேசவே இல்லையா, இல்ல அதுவும் எனக்குக் கேக்கலையா?"