நெற்றியில் அடித்த ஆணி

தவமணி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, பீடோரில் ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில், விடிகாலையில், மாரடைப்பு. தூரிகையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை. ஈப்போவுக்கு வண்டியை விட்டேன்.

ஈப்போ சந்துகளில் நாங்கள் எல்லாரும் சுவரில் வண்ணம் தீட்டியவர்கள். அக்கா ஒருவர்தான் உடைந்த பீங்கான் சில்லுகளைப் பதித்துப் படம் செய்தார். "வரைஞ்சா மழ அழிச்சிரும் தம்பி. பதிச்சா மனுசன்தான் அழிக்கணும்" என்பார். நான் வரைகிறவன் என்பதால், அதை என் முகத்துக்கு நேரே சொல்வதில் அவருக்குத் தனிச் சந்தோஷம்.

கடைசியாக அவர் பதித்தது பால்மரம் சீவும் ஒரு பெண்ணின் முகம். ஒரு ரப்பர் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியபோது, ரப்பர் பால் பிடித்த பீங்கான் மங்குகளை அங்கிருந்த குடும்பங்களிடம் கேட்டு வாங்கினார். "நல்ல மங்க ஏன் ஒடைக்கிற?" என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "கொட்டாயில கெடந்தா யாரு பாப்பா? ரோட்டுக்குக் கொண்டு வாரேன், இருங்க" என்றார் அக்கா. சுவர் முடிந்ததும் முதலில் வந்து தடவிப் பார்த்தவர் அந்த அம்மாதான்.

அந்தச் சுவர் கிடைத்ததுகூட லேசில் இல்லை. "ஒடஞ்ச சாமான ஒட்டுனா யாவாரம் படுத்துரும்லா" என்று சுவருக்குச் சொந்தக்காரரான கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "கோயில்ல செதறு தேங்கா ஒடைக்கிறீங்களே அண்ணே, அது மட்டும் ராசியா?" என்று அக்கா கேட்டார். மனிதர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு எப்படி மறுப்பார்?

தகனம் முடிந்து அந்தச் சுவர் இருக்கும் சந்துக்குப் போனேன். கண்ணீர் அஞ்சலிப் பதாகை தொங்கியது. அக்காவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, அவர் பதித்த முகத்தின் மேலேயே ஆணியடித்து மாட்டியிருந்தார்கள், அவரைத் தெரிந்த நம் ஆட்கள்.

"ஏன்டா, வேற சுவரே இல்லையா?" என்று அங்கே நின்ற ஒருவனிடம் கேட்டேன்.

"அக்கா சுவருலா அண்ணே, ஒரு மரியாதைக்குத்தான். சின்ன ஆணிதான்."

உயிரோடு இருந்தவருக்கு ஒரு சுவர் கேட்டுத் தர வராதவர்கள், செத்த பிறகு சுத்தியலோடு வந்துவிட்டார்கள். இவர்களிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது? பதாகையை நானே கழற்றினேன். கோபித்துக்கொண்டவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆணி பிடுங்கியபோது அந்தப் பெண்ணின் நெற்றியிலிருந்து ஒரு மங்குச் சில்லு உதிர்ந்தது. அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இருந்த இடத்திலேயே பதிக்கப் போகிறேன். எனக்குப் பதித்துப் பழக்கமில்லை, கோணலாகத்தான் வரும். அக்காவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் வாருங்கள். சுத்தியலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.